உறைபனி இரவில் நாயைத் திண்ணையில் கட்டலாமா?

கேள்வி: உதகைக்கு அருகில் ஒரு சிற்றூரில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறோம். என் தம்பி விருதுநகரிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்த சிப்பிப்பாறை நாய்க்கு இப்போது 7 வயது. காவலுக்காக இரவில் திண்ணையில் சங்கிலியால் கட்டி, ஒரு சாக்கை விரித்துவிடுவோம். இந்த ஆண்டு உறைபனி விழத் தொடங்கியதிலிருந்து விடியற்காலையில் மிகவும் நடுங்குகிறான்; முன்னங்காலை நொண்டுகிறான்; வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. செய்தித்தாளில் 4 டிகிரி என்றுதான் போடுகிறார்கள், அதற்கே இப்படி நடுங்குமா? கொஞ்சம் பிராந்தி ஊற்றினால் போதும் என்கிறார் என் கணவர். நாயை வீட்டுக்குள் விடும் வழக்கம் இல்லை என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?
– வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: செய்தித்தாளில் வரும் 4 டிகிரி பொய்யன்று, ஆனால் உங்கள் நாய் படுத்திருக்கும் இடத்தின் குளிர் அதுவன்று. வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுவதால், புல் மட்டத்தில் குளிர் அதைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டுத் தோட்டம் பச்சையாகவே இருக்க, தலைக்குந்தா பக்கத்துப் பள்ளங்களில் மட்டும் புல்வெளி வெளுத்துக் கிடப்பது இதனால்தான். உங்கள் வீடும் பள்ளத்தில் இருந்தால், திண்ணைத் தரையின் குளிரை அந்த 4 டிகிரியை வைத்து மதிப்பிடவே கூடாது.

சிப்பிப்பாறை, தென் மாவட்டங்களின் வெயிலில் முயல் விரட்டப் பழகிய இனம். மெலிந்த உடல், தோலோடு ஒட்டிய குட்டை மயிர், தோலுக்கடியில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. இளமையில் தாங்கிக்கொண்ட குளிரை ஏழு வயதில் அதே உடல் தாங்காது. ஆகவே, திண்ணையில் கட்டுவதை இன்றிரவே நிறுத்திவிடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். இதற்குக் குளிர் மட்டுமே காரணமன்று. நாயைத் தேடிச் சிறுத்தை ஊருக்குள் வருவது உங்கள் பகுதியில் புதிதில்லை. சங்கிலியில் கிடக்கும் நாயால் ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. காவல் என்பது நாயின் காதும் குரலும்தான். கதவுக்கு உள்ளே இருந்தாலும் அவை வேலை செய்யும்.

உங்கள் மாமியாரின் பேச்சைத் தட்ட வேண்டிய தேவையும் இல்லை. வீட்டுக்குள் விடாவிட்டால் விறகுக் கொட்டகையோ மாட்டுக் கொட்டகையோ போதும், உறுதியான கதவு ஒன்று இருந்தால். மாடுகள் நிற்கும் கொட்டகை அவற்றின் உடற்சூட்டாலேயே வெளியைவிடக் கதகதப்பாக இருக்கும். அங்கே இரண்டு வரிசைச் செங்கல் வைத்து மேலே பலகை போடுங்கள். நாயின் சூட்டை மேலிருக்கும் காற்றைவிடக் கீழிருக்கும் சிமெண்டுத் தரைதான் விரைவாக உறிஞ்சும். பலகையின்மேல் வைக்கோலோ நன்கு காய்ந்த புல்லோ ஒரு முழ உயரத்துக்குப் பரப்புங்கள், நாய் அதைக் குடைந்து தனக்கு ஒரு குழி செய்துகொள்ளும். வெறும் சாக்கை நான் விரும்புவதில்லை: நாயின் மூச்சிலும் பனியிலும் அது ஈரத்தை வாங்கிவைத்துக்கொள்கிறது, விடியற்காலையில் தொட்டுப்பார்த்தால் உங்கள் கைக்கே தெரியும். தகரக் கூரையாக இருந்தால், உள்ளே கோத்து நிற்கும் நீர் படுக்கையில் சொட்டாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி மாட்டிவிடலாம். நனைந்துவிட்டால் உடனே கழற்றிவிட வேண்டும், ஈரக் கம்பளி வெற்றுடம்பைவிட மோசம். காலையில் உங்களோடு தோட்டத்துக்கு வந்து பனிப்புல்லில் புரண்டுவிட்டுத் திரும்பினால், வயிற்றையும் விரலிடுக்குகளையும் பழந்துணியால் துடைத்துவிடுங்கள்.

பிராந்தி வேண்டவே வேண்டாம். மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரிப்பதால் ஒரு நிமிடம் சூடு ஏறியதுபோல் தோன்றுமே தவிர, உள்ளே இருக்கும் வெப்பம் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அதோடு, நாய்க்கு மது நஞ்சு. அந்தக் காசுக்கு முட்டை வாங்கிப் போடச் சொல்லுங்கள். இரவு உணவைச் சற்றுக் கூட்டி, படுக்கும் நேரத்தை ஒட்டிக் கொடுத்தால் செரிமானமே உடலைச் சூடாக்கும். தண்ணீரை வெதுவெதுப்பாக வையுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிருக்காகக் கொட்டகைக்குள் கரியடுப்பு வைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். மூடிய அறையில் கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; நாயோடு மாடும் போய்விடும்.

நடுக்கம் என்பது உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் முயற்சி, ஆகவே நாய் நடுங்கிக்கொண்டிருக்கும் மட்டும் பதற வேண்டாம். குளிரில் கிடந்த நாயின் நடுக்கம் நின்று, ஈறு வெளிறி, காது சில்லிட்டு, நடை தள்ளாடினால்தான் ஆபத்து. நாயின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது 99-க்குக் கீழே போனால், உலர்ந்த கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் பொதிந்து மார்பிலும் வயிற்றிலும் அணைத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். கால்களைத் தேய்க்காதீர்கள், வெந்நீரில் இறக்காதீர்கள். வண்டி கிடைக்காவிட்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

காலை நேரத்து நொண்டலைப் பற்றி: வெயில் ஏறியதும் அது மறைகிறது என்பதால் மூட்டுத் தேய்மானமாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன், ஆனால் கடிதத்தை வைத்து அதை உறுதி செய்ய முடியாது. படுக்கையை மாற்றி ஒரு வாரம் பாருங்கள். குறையவில்லை என்றால் அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். அதுவரை வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலையோ வேறு வலி மாத்திரையையோ பாதியாக உடைத்துக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு ஒத்துக்கொள்ளும் அந்த மருந்துகள் நாயின் ஈரலையும் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை; நாய்களுக்கென்றே உள்ள வலி மருந்தை, எடை பார்த்து மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும்.