மூக்குக்காக வளர்ந்த மூளை

அன்புள்ள ஐயா,

முதல் பாலூட்டிகளின் மூளை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மூளை அழுகிப் போகிற பொருள். 19 கோடி ஆண்டு பழைய மண்டையோட்டை வைத்து அதை எப்படி அளக்கிறார்கள்? யூகம்தானே? புத்தி இருந்ததால் பாலூட்டிகள் பிழைத்தன என்றுதான் நான் வகுப்பில் சொல்லி வருகிறேன். அதுவும் தப்பா?

விலங்கியல் ஆசிரியர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

மூளை போய்விடும், அது இருந்த குழி எலும்பில் நிற்கும். வேலூர் மண்டியில் அச்சுவெல்லம் பார்த்திருப்பீர்கள். அச்சு கிடைத்தால் கட்டியின் அளவைச் சொல்லிவிடலாம். பாலூட்டிகளின் மூளை குழியைக் கிட்டத்தட்ட நிறைத்துவிடுவதால் இந்தக் கணக்கு நம்பகமானது. ஊர்வன பலவற்றில் இடைவெளி அதிகம், அங்கே யூகம் கூடும்.

முன்பெல்லாம் குழியைப் பார்க்க மண்டையோட்டையே அறுக்க வேண்டும். இப்போது சிடி ஸ்கேன். எந்தெந்த மாநிலத்திலிருந்தோ வேலூருக்கு வந்து எடுத்துக்கொள்கிறார்களே, அதேதான், இன்னும் நுட்பமாக. 2011-இல் தொல்லுயிரியலாளர் டிமோதி ரோவின் குழு சீனத்தின் லூஃபெங் பகுதியில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை இப்படி ஆராய்ந்தது. அவற்றில் ஒன்றான மோர்கானுகோடான் என்ற ஆதிப் பாலூட்டியின் மூளை, உடலளவோடு ஒப்பிட்டால், அதன் முன்னோடிகளைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெரிது. மற்றொன்றான ஹாட்ரோகோடியத்தில் இன்னும் ஒரு தாவல். அதன் மண்டையோடே 12 மில்லிமீட்டர்தான், உடல் எடை 2 கிராம் இருக்கலாம் என்கிறார்கள். மூஞ்சூறுகூட அதன் பக்கத்தில் பூதம்!

எந்தப் பகுதி பெருத்தது என்பதுதான் சுவாரசியம். முதலில் மோப்பத்துக்கான பகுதிகள். கூடவே ரோமத்தின் தொடு உணர்வை வாங்கும் புறணியும் (மூளையின் மேலடுக்கு), உடலசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையும். ஹாட்ரோகோடியத்தின் தாவலிலும் மோப்பமே முன்னால் நிற்கிறது. இருட்டில் பூச்சி தேடும் பிராணிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் ரோமம் அந்த மண்டையோடுகளில் இல்லை. சுமார் 16 கோடி ஆண்டு முந்தைய, ரோமத்தடம் பதிந்த உறவினப் புதைபடிவங்களைக் கொண்டு அதை ஊகிக்கிறார்கள். உங்கள் சந்தேகத்தை இந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த வகுப்பு வாக்கியம். டைனோசர்கள் அழிந்தபின் வந்த பாலூட்டிகளின் மண்டையோடுகளை ஸ்கேன் செய்த ஆய்வு 2022-இல் வெளியானது. உடல் மளமளவென்று பெருத்திருக்கிறது, மூளை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அதாவது உடலளவோடு பார்த்தால் மூளை சிறுத்திருக்கிறது. அது மறுபடி பெரிதாக ஏறக்குறைய 1 கோடி ஆண்டு ஆனது. அதனால் 'புத்தியால் பிழைத்தன' என்பதை எடுத்துவிடலாம் என்றே நினைக்கிறேன்.