டீக்கடை இரைச்சலும் முதியோர் பேச்சும்: கேள்வி பதில்

(மியான்மரின் யாங்கோனிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் விடையளிக்கிறார்.)

தாம்வே வாசகர்: என் தந்தைக்கு வயது 74. வீட்டில் தெளிவாகப் பேசுபவர், டீக்கடையில் தொலைக்காட்சியும் ஜெனரேட்டரும் ஓடும்போது பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறார். மறதி நோயா, ஐயா?

பதில்: இதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. அமைதியான அறையிலும் பேச்சு அறுந்துபோனால் மருத்துவரிடம் காட்டுங்கள். முதுமையில் உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் தேயத் தேய உயர் அதிர்வெண் ஒலிகளே (கீச்சென்ற ஒலிகளே) முதலில் மங்குகின்றன; ஆகையால் உயிரொலிகள் கேட்கும், ஆனால் ‘ச’, ‘ஸ’ போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். “சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை” என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். நழுவியவற்றை ஊகித்து நிரப்புவதிலேயே கவனத்தின் பெரும்பகுதி செலவாகிவிடுவதால், தாம் சொல்ல வந்ததைக் கோத்துச் சொல்வதற்கு மிச்சம் இருப்பதில்லை. பல குரல்களுக்கிடையே ஒன்றைப் பிரித்துக் கேட்பதை 1953இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் கோலின் செர்ரி ஆராய்ந்தார். இளைஞர்களுக்கே அது உழைப்புதான். தந்தையைச் சுவரோரம் அமர்த்தி, உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே அமர்ந்து, நிதானமாகப் பேசுங்கள். கத்தாதீர்கள்.

மோல்மேன் வாசகி: தெரிந்தவர்களின் பெயர்கள் நாக்கு நுனியில் வந்து நின்றுவிடுகின்றன.

பதில்: இயல்புதான், அம்மா. வயதானால் ஆட்பெயர்களில்தான் இது மிகுதி. சொல்வளம் பெரும்பாலும் குறைவதில்லை.

தட்டோன் வாசகி: கத்தாதீர்கள் என்கிறீர்கள். என் மாமியாரிடம் கத்தினால்தான் காரியம் நடக்கிறது.

பதில்: காரியம் நடக்கும், உரையாடல் நடக்காது. கத்தும்போது உயிரொலிகள்தான் பெருக்கின்றன, நழுவும் மெய்யொலிகள் அந்த அளவுக்குப் பெருப்பதில்லை, உதட்டசைவும் கோணிவிடுகிறது.

தட்டோன் வாசகி: உரக்கப் பேசச் சொல்பவரே அவர்தான், ஐயா!

பதில்: சற்று உரக்கப் பேசுவது வேறு, கத்துவது வேறு. மெல்லிய ஒலி எட்டாத செவிக்கும் உரத்த ஒலி சட்டென்று தாங்க முடியாததாகிவிடும், அதனால்தான் பலர், “கேட்கவில்லை” என்று சொன்ன அடுத்த நொடியே “ஏன் கத்துகிறாய்?” என்று சினக்கிறார்கள். முதலில் தொலைக்காட்சியை நிறுத்திப் பாருங்கள்.

பெகு வாசகர்: செவிக்கருவி வாங்கினால் எல்லாம் சரியாகுமா?

பதில்: உதவும், ஆயினும் இரைச்சலையும் ஓரளவு சேர்த்தே பெருக்கும், பழகச் சில வாரங்கள் பிடிக்கும். செவிப் பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள்.

யாங்கோன் வாசகர்: நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அப்பா நின்றுவிடுகிறார்.

பதில்: நிற்கட்டும். நடப்பதற்கே கவனம் தேவைப்படுவதால்தான் நிற்கிறார். அவ்வாறு நிற்கும் முதியோர் பின்னர் விழும் வாய்ப்பு அதிகம் என 1997இல் சுவீடன் ஆய்வொன்று காட்டியது. சாலையைக் கடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

மற்றொரு வாசகர்: கூட்டத்தில் அம்மா பேசுவதில்லை. மறதி நோயா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

இன்னொருவர்: காதில் நல்லெண்ணெய் விடலாமா?

பதில்: விடாதீர்கள். குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

மோல்மேன் வாசகர்: நேற்று மாலையிலிருந்து தாத்தாவுக்குத் திடீரென வாய் குழறுகிறது. இதுவும் வயதாலா?

பதில்: இல்லை. பக்கவாதமாக இருக்கலாம், இப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.