மங்கி வருகிறதா, மங்கிக்கொண்டே போகிறதா?

அன்புள்ள ஐயா,

சிறுகதை எழுதிப் பழகுகிறேன். ஒரு கதையை நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். 'அப்பாவின் பார்வை மங்கி வருகிறது' என்ற வரியை அடித்துவிட்டு 'மங்கிக்கொண்டே போகிறது' என்று திருத்தியிருந்தார். 'மங்கிக்கொண்டிருக்கிறது' என்றும் எழுதலாமே என்று எனக்குத் தோன்றியது. மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? அதே கதையில் 'அவன் கோபம் திடீரென்று குறைந்து வந்தது' என்ற வரியையும் வட்டமிட்டிருந்தார், காரணம் சொல்லவில்லை. இப்போது 'வருகிறது' என்று எழுதும்போதெல்லாம் கை தயங்குகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றுமே பிழையில்லாத தமிழ்தான். உங்கள் நண்பர் இலக்கணத்தைத் திருத்தவில்லை, கதை சொல்பவர் நிற்கும் இடத்தை மாற்றியிருக்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா என்பது வேறு விஷயம்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கப் பகுதியில் ஒரு விதி உண்டு. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. 'என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான்' என்பதுதான் மரபு. இன்று நாம் அவ்வளவு கறாராக இருப்பதில்லை. ஆனாலும் வருவது நம் பக்கமாக, போவது நம்மை விட்டு விலகி என்ற உணர்வு அப்படியே இருக்கிறது. விதி இடத்தைப் பற்றியது. இந்த வினைகள் துணைவினையாகும்போது அதே உணர்வு காலத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

'பார்வை மங்கி வருகிறது' என்றால், முன்னெப்போதோ தொடங்கிய மங்கல் நாம் நிற்கும் இந்த நாள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. சொல்பவர் அதைக் கவனித்துவந்திருக்கிறார், நிதானமாக அறிவிக்கிறார். மருத்துவர் அப்படித்தான் சொல்வார். 'மங்கிக்கொண்டே போகிறது' என்பதில் முகம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. இனி எங்கே போய் நிற்குமோ, நம் கையில் இல்லையே என்ற தவிப்பு அந்தப் 'போகிறது'க்குள் இருக்கிறது. அது மகனின் வாக்கியம். உங்கள் கதையை மகன் சொல்கிறான் என்றால் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். விலகி நிற்கும் குரல் என்றால் நீங்கள் எழுதியதே இருக்கட்டும்.

வயது 'கூடிக்கொண்டே போகிறது' என்றுதான் பெருமூச்சு விடுகிறோம்; 'வயது கூடி வருகிறது' என்று யாரும் பெருமூச்சு விடுவதில்லை. வலி தணிவதைச் சொல்லும்போது 'குறைந்து வருகிறது' இயல்பாக அமைகிறது. அதற்காக நல்லவற்றுக்குப் 'போகிறது' ஆகாது என்று விதி போட்டுவிடாதீர்கள். 'அவள் அழகு கூடிக்கொண்டே போகிறது' என்கிறோமே. அங்கேயும் அளவு கைமீறிய வியப்புதான்.

'கொண்டிருக்கிறது' இந்த இரண்டு திசையையும் காட்டாது. நடந்துகொண்டிருப்பதன் நடுவில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான். எண்ணெய் தீர்ந்த விளக்கு நம் கண்ணெதிரில் மங்கிக்கொண்டிருக்கிறது. பல மாதங்களாக மங்கும் பார்வைக்கு அது தவறல்ல. ஆனால் அந்த மாதங்களின் கனம் வாக்கியத்தில் ஏறாது. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் செய்திக்காரர்கள். மேடையில் ஒருவர் அந்த நிமிடம் பேசிக்கொண்டிருக்க, திரையில் 'பேசி வருகிறார்' என்று ஓடும். சில நாட்களாகவோ மாதங்களாகவோ ஊர் ஊராகப் பேசுகிறவர்தான் 'பேசி வருகிறார்'.

'வருகிறது' எல்லா வினையோடும் சேராது என்பதையும் கவனியுங்கள். படிப்படியாக நடக்க இடமுள்ள வினை வேண்டும்: தேய்தல், வளர்தல், ஆறுதல், நரைத்தல், மாறுதல். 'கிளை முறிந்து வருகிறது' என்று எழுத முடியாது, முறிவது ஒரு கணம். ஆனால் 'கிளைகள் ஒவ்வொன்றாக முறிந்து வருகின்றன' என்றால் சரியாகிவிடுகிறது. பன்மை வந்ததும் படிகள் வந்துவிட்டன. ஒரே செயல் பலமுறை நடந்தாலும் அப்படித்தான், அதனால்தான் பழக்கத்தைச் சொல்லவும் இதே துணைவினை உதவுகிறது. 'அவர் தினமும் நடந்து வருகிறார்' என்பதில்தான் சிக்கல். நடைப்பயிற்சி செய்கிறாரா, வண்டியில் ஏறாமல் கால்நடையாக இங்கே வருகிறாரா? இரண்டில் எது என்பதை முன்பின் வரிகள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வாக்கியத்தையே மாற்றிவிடுங்கள். சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, கதை முழுக்க ஒரே மாதிரி எழுதினால் போதும்.

எதிர்மறையில் இது கைவிட்டுவிடும். 'வலி குறைந்து வருகிறது' என்பதை மறுக்கப் போய் 'வலி குறைந்து வரவில்லை' என்று எழுதிப் பாருங்கள், காதில் இடறும். நாம் சொல்வது 'வலி குறையவே இல்லை'. இன்னும் கொஞ்சம் சலிப்போடு, 'குறைந்தபாடில்லை'. எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதும் இந்தப் 'பாடில்லை'யில் சேர்ந்து ஒலிப்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

'மாறி வருகிறது' என்பதில் ஒரு 'மாறி' கூடினால் பொருளே வேறு: 'மாறி மாறி வருகிறது' என்றால் இது போய் அது, அது போய் இது. வேகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

இனி, வட்டமிட்ட அந்தக் கோபம். 'திடீரென்று' என்ற சொல்லும் 'குறைந்து வந்தது' என்ற வினையும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஒன்று நொடியைச் சொல்கிறது, மற்றது நாட்களை. போதாததற்கு, 'குறைந்து வந்தது' என்று இறந்தகாலத்தில் எழுதினால், அடுத்து ஏதோ குறுக்கிட்டது போல வாசகர் எதிர்பார்ப்பார்: 'குறைந்து வந்த காய்ச்சல் மறுபடி ஏறியது' என்பது போல. உங்கள் கதையில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால் 'அவன் கோபம் சட்டென்று தணிந்தது' என்று முடித்துவிடுங்கள். மறுபடி மூளப்போகிறது என்றால் 'திடீரென்று' என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.