பயிற்சி முகாமில் இறந்தவருக்கு அஞ்சலி எதற்கு?

கேள்வி: சென்ற இதழின் அஞ்சலிப் பக்கத்தில், நேதாஜியின் படையில் சேர்ந்து, மலையடிவாரப் பயிற்சி முகாமிலேயே மலேரியாவில் இறந்துபோன, பர்மாவின் ஐராவதி டெல்டா உழவர் வீட்டு இளைஞர் ஒருவரையும் சேர்த்திருந்தீர்கள். அவர் போர்முனையைக் கண்ணாலும் கண்டதில்லை. வயலில் பாடுபட்டு உரமேறிய உடம்புக்காரர் காய்ச்சலில் போனார் என்பதும் நம்பும்படியாக இல்லை. இம்பாலில் உயிர்கொடுத்தவர்களோடு அவரை ஒரே வரிசையில் வைப்பது முறையா?
– வாசகர், மோல்மேன்

பதில்: முறைதான் ஐயா. இம்பாலில் உயிர்கொடுத்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். 1944இல் அந்த முனைக்குச் சென்ற இந்திய தேசிய ராணுவத்தினர் ஏறத்தாழ 6,000 பேரில், சண்டையில் மடிந்தவர்கள் சுமார் 400 பேர் என்றும், பசியாலும் நோயாலும் மடிந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்றும் ஒரு கணிப்பு உண்டு. நோயில் இறந்தவருக்கு அஞ்சலி கூடாது என்று நாம் விதி வகுத்தால், அந்த இளைஞரோடு சேர்த்து, தாங்கள் போற்றுகிற இம்பால் வீரர்களிலும் பெரும்பாலோரை நீக்க வேண்டியிருக்கும்.

எதிரணியிலும் இதே கதைதான். 1943இல் காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் அப்புறப்படுத்தப்பட்டார்கள் என்று பிரிட்டிஷ் 14ஆம் படையின் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். படைவீரர்கள் மலேரியாத் தடுப்பு மருந்தான மெப்பாக்ரின் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை நடத்தி, தவறிய அதிகாரிகள் மூவரைப் பதவியிலிருந்தே நீக்கினார். மருந்தும் மருத்துவமனைகளும் இருந்த படையிலேயே நிலைமை இதுவென்றால், இரண்டுக்கும் தட்டுப்பாடாக இருந்த நம்மவர் முகாம்களில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உரமேறிய உடம்பைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கும் விடை உண்டு. பர்மாவின் கொடிய மலேரியா, டெல்டாவின் திறந்த நெல்வயல்களைவிட, மலையடிவாரக் காடுகளில்தான் மிகுதி. அதைப் பரப்பும் கொசு, அங்கே தெளிந்து மெல்ல ஓடும் ஓடைகளின் கரையோரத்தில் பெருகுவது. சமவெளியில் பிறந்து வளர்ந்தவர் அந்த நோய்க்கு அதிகம் பழகியிருக்க மாட்டார். ஏர் பிடித்த வலு அங்கே காப்பாகாது. அப்படிப்பட்டவரைக் காட்டோர முகாமில் நெருக்கமாகத் தங்கவைத்து, கொசுவலையும் போதிய குயினைனும் இல்லாமல் பயிற்சி கொடுத்தால், முதலில் படுக்கையில் விழுபவர் அவராகத்தான் இருப்பார். அவர் வீட்டை விட்டு அங்கே சென்றது போருக்காகவே அன்றி வேறெதற்காகவும் அல்ல.

ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தாங்கள் பார்த்திருக்கலாம். அதைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் விதிப்படி, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியிலிருந்தபோது இறந்த படைவீரர், குண்டடிபட்டு இறந்தாலும் காய்ச்சலில் இறந்தாலும், போரில் இறந்தவராகவே கொள்ளப்படுகிறார். அங்குள்ள நினைவு மண்டபத் தூண்களில் கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் இந்தியப் பெயர்களும் அவற்றில் ஏராளம். ஆனால் நேதாஜியின் படையில் சேர்ந்தவருக்கு அங்கே இடமில்லை. நம்மை ஆண்டவர்கள் தம் படையாளுக்குச் செய்த அந்த மரியாதையை, நம் விடுதலைக்கென்று சென்ற பிள்ளைக்கு நாமே மறுப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

அவர் பெயர் பட்டியலில் நிற்கும். மோல்மேன் வட்டாரத்திலிருந்து சென்று முகாமிலோ வழியிலோ நோயில் இறந்தவர்களைத் தங்கள் ஊர்ப் பெரியவர்கள் அறிந்திருந்தால், பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகியவற்றை விசாரித்து எழுதி அனுப்புங்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.