அடுக்கில் இருக்கும் எண்ணை மில்லி, மைக்ரோ, மெகா ஆக்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ப்ளஸ் ஒன் படிக்கிறேன். 6.2 × 10⁻⁵ மீட்டரை மைக்ரோமீட்டரில் எழுதச் சொன்னார்கள். நான் 0.62 என்று போட்டேன், பக்கத்தில் இருந்தவன் 62 என்கிறான். புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் எப்போதும் குழப்பம்தான்.

பதில்: 62தான் சரி தம்பி. இடமா வலமா என்று மனப்பாடம் செய்வதை முதலில் விட்டுவிடு, பரீட்சை அவசரத்தில் அது காலை வாரிவிடும். மில்லி 10⁻³, மைக்ரோ 10⁻⁶, நானோ 10⁻⁹, பிக்கோ 10⁻¹², மேலே போனால் கிலோ 10³, மெகா 10⁶, ஜிகா 10⁹ என்று எல்லாம் மூன்று மூன்றாகவே போகிறது (சென்டி, டெசி போன்ற சில மட்டும் விலக்கு). உன் அடுக்கு −5. அதன் இரண்டு பக்கமும் இருக்கும் மூன்றின் மடங்குகள் −3, −6. இதில் எப்போதும் சிறியதை, அதாவது −6ஐ எடுத்துக்கொள், அப்போதுதான் முன்னால் நிற்கும் எண் 1க்கும் 1000க்கும் நடுவில் வரும். சரி, −5ஐ −6 ஆக்கினால் அடுக்குப் பகுதி பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது இல்லையா? மொத்த மதிப்பு மாறக் கூடாது, அதனால் முன்னால் உள்ள எண் பத்து மடங்காக வேண்டும், 6.2 என்பது 62 ஆகிறது. நீ ஒன்றைக் குறைத்துவிட்டு மற்றதையும் சேர்த்துக் குறைத்திருக்கிறாய். அப்புறம், விடை எவ்வளவு பெரியது என்றும் ஒரு நொடி யோசித்துப் பார். 62 மைக்ரோமீட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். 0.62 மைக்ரோமீட்டர் என்பது செந்நிற ஒளியின் அலைநீளத்துக்குப் பக்கத்தில் போய்விடும். இரண்டுக்கும் நூறு மடங்கு வித்தியாசம்.

கேள்வி: நிலவின் தூரம் 3.84 × 10⁸ மீட்டர். இதை 384 மெகாமீட்டர் என்று எழுதினால் தப்பா?

பதில்: தப்பே இல்லை, கணக்குப்படி முழுக்கச் சரி. ஆனால் வழக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 3,84,000 கிலோமீட்டர் என்றே எழுதுகிறார்கள்.

கேள்வி: மேடம், எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறேன். செராமிக் கெபாசிட்டரில் 104 என்று அச்சிட்டிருக்கிறது, கால்குலேட்டரில் போட்டால் 1 × 10⁻⁷ ஃபாரட் வருகிறது. கடையில் என்னவென்று கேட்பது?

பதில்: 104இல் முதல் இரண்டு இலக்கம் எண், மூன்றாவது எத்தனை சுழியம் என்பது, அலகு பிக்கோஃபாரட். ஆக 1,00,000 பிக்கோஃபாரட், அதுதான் உங்கள் 10⁻⁷. மேலே தம்பிக்குச் சொன்ன வழியில் −9க்கு இறங்கினால் 100 நானோஃபாரட். கடையில் 0.1 மைக்ரோஃபாரட் என்றாலும் அதையேதான் எடுத்துத் தருவார்கள். கேசியோ சயின்டிஃபிக் கால்குலேட்டரில் இ.என்.ஜி. என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் அடுக்கு தானாகவே மூன்றின் மடங்காக மாறிவிடும். பலர் அதைத் தொடுவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: அக்கா, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 2.5 × 10⁻⁶ சதுர மீட்டர். 2.5 மைக்ரோ சதுர மீட்டர் என்று எழுதியதற்கு மார்க் போய்விட்டது. 10⁻⁶ என்றால் மைக்ரோதானே?

பதில்: நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்குகிற இடம் இது. சதுர மில்லிமீட்டர் என்றால் மில்லி, மீட்டர் இரண்டும் சேர்ந்தே வர்க்கமாகிறது, மீட்டர் மட்டும் இல்லை. 10⁻³ஐ 10⁻³ஆல் பெருக்கு, 10⁻⁶ வருகிறது. ஆகவே உன் விடை 2.5 சதுர மில்லிமீட்டர். வீட்டுக்கு வயரிங் செய்கிறவர்கள் “ரெண்டரை ஸ்கொயர் எம்.எம். ஒயர்” என்று கேட்டு வாங்குவது இதைத்தான். உண்மையிலேயே ஒரு சதுர மைக்ரோமீட்டர் என்பது 10⁻¹² சதுர மீட்டர், உன் கம்பியின் பரப்பில் அந்த மாதிரி 25 லட்சம் அடங்கும். கன அளவில் இன்னும் கவனம் வேண்டும்: 10⁻⁶ கன மீட்டர் என்பது ஒரு கன சென்டிமீட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டர். பரப்போ கன அளவோ வந்தால் அடுக்கைப் பார்த்த உடனே பெயரை ஒட்டிவிடாதே.

கேள்வி: எலக்ட்ரான் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம். இதற்கெல்லாம் பெயர் இருக்கிறதா?

பதில்: 2022 நவம்பரில் இருந்து இருக்கிறது. கிலோகிராமில் ஏற்கெனவே கிலோ உட்கார்ந்திருப்பதால் அதன் தலையில் இன்னொன்றை ஏற்றக் கூடாது, முதலில் கிராமுக்கு வாருங்கள்: 9.11 × 10⁻²⁸ கிராம். −30க்கு இறக்கினால் 911 குவெக்டோகிராம். அந்த ஆண்டு ரொன்னா 10²⁷, குவெட்டா 10³⁰, ரொன்டோ 10⁻²⁷, குவெக்டோ 10⁻³⁰ என்று நான்கு சேர்த்தார்கள். பூமியின் நிறையும் இப்போது சுருக்கமாக 6 ரொன்னாகிராம். ஆனாலும் பரீட்சையில் அடுக்கிலேயே எழுதுங்கள்.

கேள்வி: நர்சிங் படிக்கிறேன் அக்கா. 7.5 × 10⁻⁵ கிராம் தைராக்சின் என்பதை 0.075 மில்லிகிராம் என்றும் 75 மைக்ரோகிராம் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றுதான்மா. ஆனால் நீ 75 மைக்ரோகிராம் என்றே எழுது, தயவுசெய்து முழு வார்த்தையாக எழுது. 0.075இல் ஒரு சுழியம் விட்டுப்போனால் டோஸ் பத்து மடங்கு. மைக்ரோவுக்கான மியூ என்ற கிரேக்க எழுத்து கையெழுத்தில் எம் மாதிரி தெரிந்தால் மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகி ஆயிரம் மடங்கு. பரீட்சையில் இந்தத் தப்புக்கு அரை மார்க் போகும், வார்டில் எதிரே படுத்திருப்பது ஒரு நோயாளி. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடு, கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: 5 × 10¹¹ பைட் ஹார்ட் டிஸ்க், 500 ஜிகாபைட் என்று வாங்கினேன். விண்டோஸ் 465 என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, 500 × 10⁹ பைட்டும் உள்ளே இருக்கிறது. விண்டோஸ் அதை 1000ஆல் வகுக்காமல் 1024ஆல் மூன்று முறை வகுக்கிறது, அதனால்தான் 465 சொச்சம். அந்த 1024 கணக்குக்கு ஜிபிபைட் என்று 1998இலேயே தனிப்பெயர் வைத்தாயிற்று, விண்டோஸ்தான் இன்னும் ஜிகாபைட் என்ற பெயரிலேயே காட்டுகிறது. அதே டிஸ்க்கை இப்போதைய மேக் கணினியில் மாட்டினால் 500 என்றே தெரியும்.