ஆட்டோ ஹப்பைக் கழற்றிவிட்டு மேனுவல் லாக்கிங் ஹப்பை நானே மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். பிக்கப்பின் முன்சக்கர ஆட்டோ ஹப் சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் கைவிடுகிறது என்கிறீர்கள். நீங்களே மாற்ற முடியுமா, டீசல் மிச்சமாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரேக் பேட் மாற்றிப் பழகிய கைக்கு இது எட்டாத வேலை இல்லை. ஆனால் நேரத்தைத் தின்னப்போவது ஹப் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கும் வீல் பேரிங் நட்டு.

முன் ஆக்சில் ஷாஃப்டையும் சக்கரத்தையும் சேர்ப்பதும் பிரிப்பதும்தான் ஹப்பின் வேலை. 'ஃப்ரீ'யில் சக்கரம் மட்டும் பேரிங்கின் மேல் தன்பாட்டுக்கு ஓடும். ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சும்மா கிடக்கும். 'லாக்'கில் எல்லாம் சேர்ந்து சுற்றும். மேனுவல் ஹப்பில் இந்த இரண்டையும் வெளியே இருக்கும் டயலைக் கையால் திருப்பி மாற்றுகிறோம். இன்று வின்ச்சுக்குப் பெயர்போன வார்ன் கம்பெனி 1948-ல் தொடங்கியதே, போர் முடிந்து வெளியே வந்த ராணுவ ஜீப்புகளுக்கு இந்த ஹப்பைச் செய்து கொடுக்கத்தான். ஆட்டோ ஹப் இதே வேலையைக் கேம் (சுழலும்போது பிடியைத் தள்ளிச் சேர்க்கும் மேடுள்ள பாகம்) மூலமாகவோ வேக்குவம் (குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் விசை) மூலமாகவோ செய்கிறது. கேம் தேய்ந்தால் வழுக்கும். வேக்குவம் வகைக்கு ரப்பர் குழாயில் ஒரு விரிசல் போதும், பிடிக்காது. உங்களுடையது வேக்குவம் என்றால் முதலில் குழாயைப் பாருங்கள். அதோடு பிரச்சினை தீர்ந்தாலும் தீரும்.

இன்னொன்று. தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் பார்ட்-டைம் ஃபோர் வீல் வண்டிக்குத்தான் இதெல்லாம். முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் உள்ள ஃபுல்-டைம் வண்டியில் முன் ஹப்பை ஃப்ரீயில் போட்டால், எஞ்சின் இழுவை முழுக்கத் தடையில்லாத முன்பக்கம் ஓடிவிடும்; சென்டர் டிஃபரன்ஷியலை லாக் செய்யாதவரை வண்டி நகராது.

வாங்கும்போது உங்கள் ஆக்சிலுக்கு என்று சொல்லி விற்கும் கிட்டையே வாங்குங்கள். ஷாஃப்ட் முனையின் ஸ்பிளைன் பல் எண்ணிக்கையும் போல்ட் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். பல ஆட்டோ ஹப்களில் பேரிங் நட்டோடு சேர்ந்தே கேம் உட்கார்ந்திருக்கும். அந்த வகைக்கு மேனுவல் ஹப்போடு புது நட்டும் வாஷரும் வேண்டும். பெட்டியில் அவை இருக்கின்றனவா என்று பார்க்காமல் வண்டியைப் பிரிக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸை 2ஹெச்சில் (பின்சக்கர இழுவை மட்டும்) விட்டு, முன் ஆக்சிலை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹப் மூடியின் போல்ட்களைக் கழற்றினால் உள்ளே ஷாஃப்ட் முனையின் பள்ளத்தில் சர்க்கிளிப் என்ற பூட்டு வளையம் தெரியும். அதை எடுத்துவிட்டு ஹப் உடலின் நட்களைக் கழற்ற வேண்டும். டொயோட்டா போன்ற சில வண்டிகளில் நட்டுக்கு அடியில் கூம்பு வடிவ வாஷர்கள் இறுகப் பிடித்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் வராது. பித்தளைச் சுத்தியலால் ஸ்டட் முனையில் நச்சென்று ஒரு தட்டு தட்டினால் தானே துள்ளி வெளியே வரும். இரும்புச் சுத்தியல் என்றால் மரை போய்விடும்.

ஹப் கையோடு வந்ததும் பேரிங் நட். புது நட்டை ஏற்றி, இறுக்கியபடியே ஹப்பை இரண்டு பக்கமும் சுற்றுங்கள். பேரிங் அப்போதுதான் ஒழுங்காக உட்காரும். பிறகு தளர்த்தி, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்கி, லாக் நட்டையும் போட்டுவிட்டுச் சரிபாருங்கள். சக்கரமும் பிரேக் கேலிப்பரும் கழன்றிருக்க வேண்டும். கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஒரு வில் தராசை வீல் ஸ்டட்டில் மாட்டி இழுத்தால், எத்தனை கிலோவில் ஹப் சுற்றத் தொடங்குகிறது என்று தெரியும். அந்த அளவும் புத்தகத்தில் இருக்கும். அளவு சரியானால் லாக் வாஷரின் நாக்கை மடக்கிவிடலாம். கடைசியில் சக்கரத்தை மாட்டி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது, கையால் சுற்றினால் தடையில்லாமலும் ஓட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் பேரிங் சூடேறி வெந்துபோகும். முன் பேரிங் முழு யூனிட்டாக வரும் வண்டிகளில் இந்த நட் வேலையே கிடையாது. அப்படி இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கிரீஸ் விஷயத்தில் கை தாராளமாகப் போகும், அடக்குங்கள். பேரிங்குக்குத்தான் நிறைய கிரீஸ். ஹப்புக்குள்ளே பல்களிலும் சறுக்கும் வளையத்திலும் மெல்லிய பூச்சு போதும். வாரி அப்பினால் குளிரில் இறுகி, டயல் திரும்பவே மறுக்கும்.

புது ஹப் உடலை ஷாஃப்டில் ஏற்றியதும் சர்க்கிளிப் போட இடம் தெரியாமல் பலர் தடுமாறுவார்கள். ஷாஃப்ட் கொஞ்சம் உள்வாங்கியிருப்பதுதான் காரணம். முனையில் மரைத் துளை இருந்தால் ஒரு போல்ட்டை முறுக்கி, அதைப் பிடித்து வெளியே இழுங்கள். பள்ளம் எட்டிப் பார்க்கும். கிளிப் 'டிக்' என்று உட்கார்ந்த பிறகு, ஸ்குரூ டிரைவர் முனையால் நகர்த்திப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மூடியைப் போடும்போது டயல் ஃப்ரீயில் இருக்கட்டும். லாக்கில் வைத்துப் போல்ட்டால் இழுத்து மூடினால் உள்ளே இருக்கும் பாகம் வளைந்துவிடும். மூடியின் போல்ட்கள் சின்னவை, பலத்தைக் காட்டினால் முறியும். எதிரெதிராக, கிட்டில் கொடுத்த டார்க்குக்கு மட்டும் இறுக்குங்கள். வேக்குவம் வகையாக இருந்தால் பழைய குழாயின் வாயை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் சேறும் தண்ணீரும் அதன் வழியாக உள்ளே போகும்.

வண்டியை இறக்கும் முன் ஒரு சோதனை: ஃப்ரீயில் சக்கரத்தைச் சுற்றினால் ஷாஃப்ட் அசையக் கூடாது, லாக்கில் சேர்ந்து சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் லாக், மறுபக்கம் ஃப்ரீ என்று விட்டுவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியலில் முன்சக்கர இழுவை கிடைக்கவே கிடைக்காது. முதல் ஓட்டம் முடிந்ததும் இறங்கி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்து பேரிங்கைத் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

சேற்றில் இறங்கும் முன்பே இரண்டையும் லாக் செய்துவிடுங்கள், மாட்டிக்கொண்ட பிறகு முழங்கால் சேற்றில் டயலைத் தேடுவது கொடுமை. லாக் செய்தபடியே 2ஹெச்சில் ஓட்டினால் ஒன்றும் ஆகாது. காய்ந்த தார்ச்சாலையில் 4ஹெச் (நான்கு சக்கர இழுவை) போடுவதுதான் ஆகாது. அதிகம் தேவைப்படாவிட்டாலும் மாதம் ஒருமுறை லாக் செய்து கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், முன் ஆக்சிலுக்குள் ஆயில் சுற்றி வரட்டும்.

டீசல் விஷயம்: ஆட்டோ ஹப்பும் வேலை செய்யும்போது முன்பக்கத்தைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அதனால் அதிலிருந்து மாறும் உங்களுக்கு மிச்சம் எதுவும் தெரியாது. எப்போதும் பூட்டியே இருக்கும் டிரைவ் ஃபிளாஞ்சிலிருந்து மாறுகிறவர்களுக்குக் கொஞ்சம் தெரியலாம், அவ்வளவுதான்.