முட்டி ஜவ்வு கிழிந்ததற்கு உங்கள் பெயரில் கடனா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவருக்குச் சம்பளம் 1,900 வெள்ளி (ரிங்கிட்). இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது மோட்டார் சறுக்கி, வலது முட்டியில் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு முழுதாகக் கிழிந்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் 25,000 வெள்ளி கேட்கிறார்கள். மூத்தார் என் பெயரில் கடன் விண்ணப்பப் பாரமே கொண்டுவந்துவிட்டார்: ஐந்து வருடம், ஃபிளாட் 8 விழுக்காடு. அவர் மகன் மோட்டாருக்கும் நாத்தனார் கல்யாணத்துக்கும் நான்தான் மாதம் 690 கட்டுகிறேன்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. வருடத்துக்கு 2,000 வீதம் வட்டி மட்டும் 10,000. மாதத் தவணை ஏறக்குறைய 583. பழைய 690-ஐச் சேர்த்தால் 1,270 தாண்டும். அசல் குறைந்தாலும் ஃபிளாட் வட்டி குறையாது. உண்மையான வட்டி 14 விழுக்காட்டை ஒட்டி வரும்.

இந்த அவசரம் மருத்துவத்திலும் இல்லை. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, தொடைத் தசை வலுப்பெற்ற பிறகு அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. முன்னதாகச் செய்தால் முட்டி இறுகிப்போகலாம். சுவீடனில் 121 பேரிடம் நடந்த ஆய்வில், பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளிலும் அறுவை தேவைப்படவில்லை. முட்டி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாவிட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள். உள்ளே குருத்தெலும்பு கிழிந்து சிக்கியிருக்கலாம்.

கடிதத்தில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ பற்றி ஒரு வரிகூட இல்லையே! வேலை முடிந்து நேர்வழியில் வீடு திரும்பும்போது நடந்த விபத்துக்கு அங்கே கோரலாம். முதலாளி வழியாகப் பாரம் 34, போலீஸ் புகார், வந்த பாதையின் வரைபடம், வருகைப் பதிவு, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எல்லாம் கொடுங்கள். இடையில் வேறெங்காவது திரும்பியிருந்தால் சிக்கல் வரும், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கோரிக்கையை ஏற்றால் அரசு மருத்துவமனைச் சிகிச்சைச் செலவை சொக்சோ பார்த்துக்கொள்ளும். எம்சி நான்கு நாளாவது இருந்தால் தினக்கூலியில் 80 விழுக்காடு, உங்கள் கணவருக்கு நாளுக்கு ஏறக்குறைய 50 வெள்ளி. சொக்சோவைக் கேட்காமல் தனியாரில் செய்துவிட்டு, அந்த 25,000 பிறகு கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

யாராவது சொன்னாலும், ரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பிஆர்பி ஊசி முழுதாகக் கிழிந்த ஏசிஎல்லை ஒட்டவைக்காது. காப்புறுதி ஏஜெண்டு யாராவது காட்டும் புது மெடிக்கல் கார்டும் முன்பே கிழிந்த முட்டிக்குப் பணம் தராது.

வீட்டில் யாருக்கு எது வந்தாலும் அதே வாரம் உங்கள் பெயரில் கடன் விழுகிறது. அதுதான் உங்களைத் தின்கிறது. மூத்தாரிடம் பாரத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர் மகன் மோட்டார் தவணையை அடுத்த மாதத்திலிருந்து அவனே கட்டட்டும்.